புட்டியில் எலுமிச்சை, குடத்தில் புளி

கணியம்பாடிக் கடைகளில் எலுமிச்சைப் படம் போட்ட கிளீனர் புட்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் புளியோ குழம்போடு சரி. பித்தளைக் குடத்தின் கறுப்பைக் கரைப்பது அதே புளியின் டார்டாரிக் அமிலம்தான். குழாயடியில் வெள்ளையாகப் படிவது உப்புத்தண்ணீரின் சுண்ணாம்பு. அதற்கும் வேண்டியது அமிலம், வாசனை அல்ல. கிருமி சாகுமா என்பார்கள். நியாயமான கேள்வி. புளியை நம்பிக் கழிப்பறையை விட முடியாது, பிளீச்சிங் பவுடர் வேண்டும். ஆனால் பளபளப்பு போதவில்லையென்று அதன் தலையில் ஆசிட்டையும் கவிழ்த்தால் கிளம்புவது குளோரின். 1915இல் பெல்ஜியப் போர்க்களத்தில் ஜெர்மானியர் திறந்துவிட்ட அதே சரக்கு. கிருமிக்கு முன்னால் தேய்ப்பவர் இருமுவார். மொசைக் தரைக்கு மட்டும் புளியும் ஆகாது, ஆசிட்டும் ஆகாது: கறையோடு சேர்த்துச் சலவைக்கல் சில்லுகளையும் அரித்துவிடும்.