கவுன்டர் சாம்பிள் அண்ணன்

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் சாம்பிள் செக்‌ஷனில் இவர் இருப்பார். கழுத்தில் இஞ்சு டேப், காதில் பென்சில். ரீமேக் படம் எது வந்தாலும் தீர்ப்பு வழங்குவது இவர் பொறுப்பு. படம் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிடும்: “ஒரிஜினல் மாதிரி வராதுங்.” டிக்கெட் எடுத்து ஸ்ரீசக்தி சினிமாஸுக்குள் போவது சாட்சி சேகரிக்கத்தான்.

டீ நேரத்தில் மெஷின்கள் ஓய்ந்ததும் பேக்கரி வாசலில் கோர்ட் கூடும்.

“ஏனுங்ண்ணா, பேபி ஜான் தேறுமா?”

“தெறி வந்தப்பவே, இது சத்ரியன் சாயல்னு சொன்னவன் நான். அதை இந்தியில எடுத்தா நான் என்னத்தச் சொல்றது?”

கில்லிக்கு மட்டும் விலக்கு உண்டு. “ஒக்கடுவுல சார்மினார் செட்டு. தரணி அந்த எடத்துல லைட் ஹவுஸைக் கொண்டாந்தாரு. கர்நூலு மதுரையாச்சு. ரெண்டுலயும் பிரகாஷ்ராஜ்தான் வில்லன். ஆனா முத்துப்பாண்டி நம்ம ஊர்க்காரனுங்.” அண்ணன் கில்லி பார்த்தது 2004-இல், விசில் சத்தத்துக்கு நடுவே. ஒக்கடு பார்த்தது அதற்கு வெகுகாலம் கழித்து, செல்போனில், சப்டைட்டில் இல்லாமல். எது முதலில் கண்ணில் பட்டதோ அதுதான் ஒரிஜினல் என்பது ஊர் உலகத்து வழக்கம். அண்ணனிடம் இதைச் சொல்லிவிட்டு யாரும் டீயை நிம்மதியாகக் குடித்ததில்லை.

செக்கிங்கில் இருக்கும் பீகார் பையனுக்கு அந்தப் பயம் இல்லை. சல்மான்கானின் வாண்டட்தான் ஒரிஜினல் என்று சாதித்தான். அண்ணன் வம்சாவளியை எடுத்து விட்டார்: “தம்பி, வாண்டட் 2009. அதுக்கு முன்ன 2007-ல போக்கிரி. ரெண்டையும் எடுத்தது எங்க பிரபுதேவா. அதுக்கும் முன்ன 2006-ல மகேஷ்பாபு தெலுங்குல பண்ணிட்டாரு.”

“அப்போ விஜய் படமும் டூப்ளிகேட்டா, அண்ணா?”

கூடியிருந்தவர்கள் வடையைப் பார்த்தார்கள். அண்ணன் டீ கிளாஸுக்குள் பார்த்தார். பிறகு கேஸைக் கைதிக்குத் திருப்பினார். அங்கே அவரை அசைக்க முடியாது. ஒரே ராத்திரி, பாட்டு இல்லை, ஜோடி இல்லை. இந்தியில் போலா என்று எடுத்து, நரேன் செய்த போலீஸ் வேடத்தைத் தபுவுக்குக் கொடுத்தார்கள். படத்தை 3டியிலும் விட்டார்கள். “கார்த்தி பிரியாணி திங்கிற ஒரு சீனுக்கு அந்த முப்பரிமாணம் ஈடாகுமாங்?” பையன் போலாவைப் பார்த்ததில்லை. ஆகவே அண்ணனுக்கு ஏகமனதாக வெற்றி.

பில்லாவை மட்டும் யாரும் கிளறக்கூடாது. அமிதாப்பின் டான் 1978, ரஜினியின் பில்லா 1980, அஜித்தின் பில்லா 2007. அண்ணன் அஜித் ரசிகர். “அது ரீமேக் இல்லீங், அது ஸ்டைலுங்” என்று எழுந்துவிடுவார்.

இத்தனைக்கும் இவர் சாப்பிடுவது ரீமேக் சோறு. வெளிநாட்டு பையர் ஒரு டி-ஷர்ட்டை அனுப்புவார். அதைப் பார்த்து அதே போல இன்னொன்று தைத்துக் கொடுப்பதுதான் வேலை; பெயர் கவுன்டர் சாம்பிள். காலர், ஷோல்டர், செஸ்ட், கை வாய் என்று அங்குலம் அங்குலமாக அளந்து, துணியின் ஜிஎஸ்எம் பார்த்து, லேப் டிப்பில் கலரைச் சேர்த்து, ஒரிஜினலையும் நகலையும் மேஜையில் அருகருகே போட்டால் எது எதென்று தெரியக்கூடாது. இதே காரியத்தை ஒரு டைரக்டர் செய்தால் “ஜெராக்ஸ்” என்பார். மாற்றி எடுத்தால் “கெடுத்துப்புட்டான்.”

போன வாரம் ஒரு சாம்பிளில் பாக்கெட் அரை இஞ்சு மேலே ஏறியிருந்தது. மெர்ச்சன்டைசர் பையன் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“என்னங்ண்ணா இது?”

“பையர் கீழ வெச்சது எடுப்பா இல்லை தம்பி. இப்பப் பாரு, ஒரிஜினலைவிட நல்லா இருக்குதா இல்லையா?”

“இருக்குதுங்ண்ணா. ஆனா இது கில்லி இல்லீங், ஆர்டருங். பிரிச்சுட்டு, சாயங்காலம் கூரியர் போறதுக்குள்ள போக்கிரி மாதிரி தெச்சுக் குடுங்.”