நெய்தல் திணையில் ஆடம்பரக் கைக்கடிகாரம்: முதல், கரு, உரி நோக்கில் ஓர் ஆய்வு

சிலம்புக்குள் இருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்று எழுந்த வழக்குக்காக ஒரு மாநகரையே எரியவிட்ட இலக்கியம் நம்முடையது. காலில் அணிந்ததற்கே அவ்வளவு என்றால், கையில் அணிவதற்கு ஒரு கட்டுரையாவது வேண்டும். பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் ஏன் உப்புத் தண்ணீரில் குதிக்கிறார் என்னும் கேள்வியைத் தமிழாய்வுலகம் இதுவரை தீண்டவில்லை. அக்குறையைத் தீர்க்க இக்கட்டுரை முயல்கிறது. தீர்ந்ததா என்பதை வாய்மொழித் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வரையறை. ஸ்கூபா என்பது மூச்சுக்கான காற்றை முதுகில் சுமந்துகொண்டு கடலுக்குள் போவது. (முதுகிலிருக்கும் உருளையை ஆக்சிஜன் சிலிண்டர் என்பது ஊர் வழக்கு. பெரும்பாலும் உள்ளே இருப்பது நாம் சும்மா சுவாசிக்கும் இதே காற்று, அழுத்தி அடைத்தது.) ஆடம்பரக் கைக்கடிகாரம் என்பது நேரம் கேட்காதவர்களுக்கும் நேரம் காட்டுவது. இவ்விரண்டும் கூடுமிடம் கடல் ஆதலால் திணை நெய்தல். திணை என்று வந்துவிட்டால் முதல், கரு, உரி மூன்றையும் சொல்லியாக வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது இலக்கண மரபு. கடலுக்குள் போகிறவர் உயிரோடு திரும்ப அறிந்திருக்க வேண்டியவையும் இவை இரண்டே: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம். தொல்காப்பியர் ஸ்கூபா பயின்றதாகச் சான்றில்லை. பாடத்திட்டத்தை மட்டும் சரியாக வகுத்திருக்கிறார்.

அஃதென்னையெனின், ஆழத்தில் அழுத்தம் கூடக்கூடச் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்துகொண்டே போகும். அளவுக்கு மேல் தங்கிவிட்டு விறுவிறுவென்று மேலே வந்தால் அது குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் போய் நிற்கும். ஆகவே அந்நாளில் அட்டவணை பார்த்து இறங்கினார்கள். அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணைப்படி 60 அடி ஆழத்தில் 60 நிமிடம் இருக்கலாம். அறுபதாவது நிமிடம் எது என்று தெரிய வேண்டுமானால் கையில் நம்பகமான கடிகாரம் வேண்டும். இந்த அளவில் கடிகாரம் அணிகலன் அன்று, உயிர்காப்பு என்க.

அப்படித்தான் 1953இல் பிளாங்பான் நிறுவனத்தின் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்' பிறந்தது. நிறுவனத்தின் தலைவர் ஜான் ஜாக் ஃபியெஷ்டர் தாமே கடலில் மூழ்கும் பழக்கமுள்ளவர். ஒருமுறை நேரம் போனது தெரியாமல் இருந்து, காற்றுத் தீர்ந்து மேலே வந்தவர். அதே காலத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் போர்நீச்சல் படையைச் சேர்ந்த ரொபேர் மலுபியே, குளோத் ரிஃபோ இருவரும் கறுப்பு முகப்பு, பெரிய எண்கள், சுற்றிவர ஒரு சுழல்வளையம் என்று தங்களுக்கு வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு ஆள் தேடினார்கள். இரு தரப்பும் சந்தித்தன. கடிகாரத்தின் பெயரிலுள்ள 50 ஃபேதம் நம் கடலோடிகள் கணக்கில் 50 பாகம், ஏறத்தாழ 91 மீட்டர். இன்றைய மூழ்குக் கடிகாரங்களில் இந்தச் சுழல்வளையம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். பாறையில் இடித்துத் தவறுதலாகத் திரும்பினாலும் போன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. மனிதன் செய்த பொருள்களில் பிழை நேர்ந்தாலும் நல்ல பக்கமாகவே பிழைக்கும் பொருள்கள் சில. இது அவற்றில் ஒன்று. இந்த வளையத்தின் மேல் இவ்வாய்வாளருக்கு உள்ள மரியாதையைக் கட்டுரையின் மற்றப் பகுதிகளை வைத்துச் சந்தேகிக்க வேண்டாம்.

விளம்பரம் கருவிக்கு முந்தியது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 1927 அக்டோபர் 7இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் மெர்சிடஸ் கிளைட்ஸ். இன்னொருவர் பொய்யாகச் சாதனை சொன்ன குழப்பத்தில் இவர்மேலும் ஐயம் எழ, அதே மாதம் 21ஆம் தேதி மறுபடி குளிர்நீரில் இறங்கினார். இம்முறை ரோலக்ஸ் ஆய்ஸ்டர் ஒன்று அவர் கழுத்தில் தொங்கியது. பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியும் கரை சேரும் முன்பே அவரைப் படகில் தூக்க வேண்டியதாயிற்று. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 24இல் 'டெய்லி மெயில்' முதல் பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. நீந்தியவருக்கு நடுக்கம், கூட வந்ததற்குப் புகழ்.

இனி நிலம், அதாவது ஆழம். பொழுதுபோக்காக மூழ்குவோருக்குப் பயிற்சி நிறுவனங்கள் வகுத்த எல்லை 40 மீட்டர்; முதல் சான்றிதழ் பெற்றவருக்கு 18. இன்றைய ரோலக்ஸ் சப்மரீனர் 300 மீட்டர் தாங்கும். ஸ்கூபாவில் 300ஐத் தாண்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கின்னஸ் பதிவின்படி 2014இல் எகிப்தின் அகமது கப்ர் செங்கடலில் 332.35 மீட்டர் இறங்கினார். இறங்கச் சுமார் கால் மணி நேரம், ஏறப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். அவர் போன இடத்துக்கு நம் விடுமுறைப் பயணி போகப்போவதில்லை. ஆயினும் 300 போதாது என்று 3,900 மீட்டர் தாங்கும் ரோலக்ஸ் டீப்சீ உண்டு. 2022இல் 11,000 மீட்டர் தாங்குவதும் வந்துவிட்டது. அவ்வளவு ஆழத்தில் கடிகாரம் நலமாக இருக்கும், கட்டியிருக்கும் கை இராது. 1960இல் ஜாக் பிக்காரும் டான் வால்ஷும் மரியானா அகழியின் அடிக்குப் போன 'திரியெஸ்த்' கலத்தில் கடிகாரத்தை வெளிப்புறம் கட்டியிருந்தார்கள். மனிதர்கள் உள்ளே இருந்தார்கள். யார் எங்கே இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது.

இவ்விடத்தில் ஹீலியம் வால்வைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நிறைவுறாது. சில கடிகாரங்களின் பக்கவாட்டில் இருக்கும் இந்தச் சிறு துவாரம் 1960களில் ஆழ்கடலில் பணிபுரியும் மூழ்குநர்களுக்காக வந்தது. அவர்கள் அழுத்தம் ஏற்றிய அறைகளில் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு நாள்கணக்கில் வசிப்பவர்கள். ஹீலியம் நுண்ணியது ஆதலால் கடிகாரத்துக்குள் புகுந்துவிடும். அழுத்தம் இறங்கும்போது வெளியேற வழியின்றிக் கண்ணாடியைப் பெயர்த்துவிடும். அதற்குத்தான் வால்வு. கவனிக்க: இத்தனையும் நடப்பது தண்ணீருக்குள் இல்லை, உலர்ந்த அறைக்குள். ஹேவ்லாக் தீவில் மீன் பார்க்க அரைமணி நேரம் மூழ்குகிறவருக்கு ஹீலியம் வால்வால் ஆகும் பயன் ஒன்றே. எதற்கு இது என்று யாராவது கேட்டால் பேச விஷயம் கிடைக்கும்.

1983இல் ஆர்கா எட்ஜ் என்னும் டைவ் கம்ப்யூட்டர் சந்தைக்கு வந்தது. ஆழம், நேரம், இன்னும் எத்தனை நிமிடம் தங்கலாம் என்பதையெல்லாம் அதுவே கணக்கிட்டுக் காட்டியது. நிலமும் பொழுதும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. கடிகாரத்தின் வேலை அன்றோடு முடிந்தது. "கம்ப்யூட்டரின் பேட்டரி தீர்ந்தால்?" என்பர் மறுப்போர். நியாயமான கேள்வி. அப்போது செய்ய வேண்டியது மெதுவாக மேலேறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று, கரையேறுவது. அந்த மூன்று நிமிடத்தை அளக்கக் கடிகாரம் மெய்யாகவே உதவும். சில ஆயிரம் ரூபாய்க்கு 200 மீட்டர் தாங்கும் கேசியோவும் அதே மூன்று நிமிடத்தைத்தான் காட்டும் என்பதை மறுப்போர் ஏனோ மறந்துவிடுகின்றனர்.

பயன் போனால் போகட்டும், பகட்டாவது நிற்கிறதா என்று பார்ப்போம். கருப்பொருள் இங்கே தொடங்குகிறது. ஒளியியல் முதலில் சாதகமாக இருக்கிறது: முகமூடிக் கண்ணாடி வழியே பார்த்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெருத்துத் தெரியும். 40 மில்லிமீட்டர் கடிகாரம் 53 மில்லிமீட்டர் ஆகிவிடும், கூடுதல் கட்டணமின்றி. ஆனால் கடல் நீர் முதலில் விழுங்குவது செந்நிறத்தை. ஆழம் கூடக்கூடச் செம்பொன் கடிகாரம் சாம்பல் பூத்துவிடும்; முப்பதாவது மீட்டரில் பொன்னும் எஃகும் சமத்துவம் அடையும். தேதியைப் பெரிதாக்கக் கண்ணாடிமேல் ஒட்டிய சின்ன லென்ஸ் தண்ணீருக்குள் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாது. கடலடியில் இன்று என்ன தேதி என்ற சந்தேகம் யாருக்கு வரும் என்பது தனி ஆய்வுக்குரியது.

பார்க்க ஆளும் இல்லை. வாயில் ரெகுலேட்டர் இருப்பதால் எந்தக் கடையில், என்ன விலை, எத்தனை மாதம் காத்திருந்து வாங்கியது என்னும் வரலாற்றைச் சொல்ல முடியாது. எதிரே வருபவர் மெச்சிக் கட்டைவிரலைத் தூக்கினால் ஆபத்து: மூழ்குவோர் மொழியில் அதற்கு 'மேலே போவோம்' என்று பொருள், பாராட்டுப் பெற்றவர் கரையேற வேண்டியதுதான். நீர்மூழ்குக் கடிகாரத்துக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 6425கூட, இருளில் 25 சென்டிமீட்டர் தொலைவில் நேரம் தெரிந்தால் போதும் என்கிறது. இரண்டு மீட்டருக்கு அப்பால் மிதக்கும் சகலைக்குப் பிராண்ட் தெரிய வேண்டும் என்று விதிக்கவில்லை. நீருக்கடியில் பளபளப்பான கடிகாரத்தைத் தேடி வந்து பார்க்கும் ரசிகர் ஒருவரே, சீலா மீன். மின்னும் பொருளைக் கழற்றிவைத்துவிட்டு இறங்குங்கள் என்று வழிகாட்டிகள் சொல்வதும் அவரை முன்னிட்டே. அவரும் அதை மத்தி என்று எண்ணித்தான் வருகிறார்.

ஆக, கடிகாரத்தின் அரங்கம் கரைதான். 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படமே சான்று. ஷான் கானரி நீரிலிருந்து எழுந்து, நீர்மூழ்கு உடையை உரித்து, உள்ளே போட்டிருந்த வெள்ளை விருந்துக்கோட்டுடன் மது விடுதிக்குள் நுழைந்து, லைட்டர் வெளிச்சத்தில் சப்மரீனரைப் பார்க்கிறார். உலகம் மறக்காத அந்தக் கட்டத்தில் கடிகாரத்தைச் சுற்றிச் சொட்டுக் கடல் நீர் இல்லை.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடிகாரத்தையும் பட்டையையும் இணைப்பது ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்பிரிங் ஊசி. பல லட்சம் அந்த ஊசியில் தொங்குகிறது. ஆழத்தில் வெட்சூட்டின் ரப்பர் நசுங்கி மெலிய, அதன்மேல் கட்டிய பட்டை தளர்ந்து வளையலாகும். பிறகு பவளப் பாறை ஒன்றில் உரசினால் போதும். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக, சிலிண்டரும் கடிகாரமும் இன்றி, மூச்சை மட்டும் அடக்கிப் போய் விலை உயர்ந்ததை அடியிலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். விலை உயர்ந்ததை மேலிருந்து கொண்டுபோய் அடியில் போட்டுவருவது நம் காலத்துச் சாதனை. இரங்கல் நிமித்தம் வேறு வேண்டுமோ?

தீர்ப்பு வருமாறு. கட்டிக்கொண்டு இறங்கத் தடையில்லை, அதனால் கடிகாரத்துக்குக் கேடு வராது. கம்ப்யூட்டர் மறுகையில் இருக்கட்டும். ஒரு பக்க ஊசி போனாலும் மறுபக்கம் தாங்கும் வகையில் இரண்டுக்கும் அடியில் ஓடும் நைலான் பட்டை மாட்டுங்கள். ஆண்டுக்கொரு முறை நீர்ப்புகாச் சோதனை செய்யுங்கள், கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். படகிலிருந்து குதிக்கும் முன் கடிகாரத்தின் பக்கவாட்டுச் சாவித்திருகை இறுக்கியாயிற்றா என்று தொட்டுப் பாருங்கள். முகப்பில் அச்சிட்டிருக்கும் 300 மீட்டர், திருகு இறுகிய கடிகாரத்துக்கு மட்டுமே பொருந்தும்.