டை அடித்த மறுநாள்

என் அண்ணனுக்கு 62 வயது, எனக்கு 56. அவர் பல வருஷமாக டை அடிப்பவர். நான் நரையை நரையாகவே விட வேண்டும் என்கிற கட்சி. போன சித்திரையில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், எதிர்வரிசையில் இருந்த அண்ணனைக் காட்டி, "உங்க தம்பி எப்ப ரிடையர் ஆகிறார்?" என்று என்னிடம் கேட்டார். அண்ணன் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. எனக்குப் பாயசம் இறங்கவில்லை. மறுநாளே கட்சி மாறிவிட்டேன்.

சலூன்காரர் முக்கால் மணி நேரத்தில் பத்து வயதைக் குறைத்து அனுப்பினார். அடுத்த நாள் சனிக்கிழமை. வழக்கம்போல் நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, சூடாக வெந்நீர் விளாவி, ஷாம்பூவை இரண்டு தடவை போட்டு அலசினேன். காலடியில் டிகாக்‌ஷன் ஓடியது. துவட்டிய வெள்ளைத் துண்டை மனைவி விரித்துப் பார்த்துவிட்டு, "டை தலைக்கா அடிச்சீங்க, துண்டுக்கா?" என்றாள்.

வேதியியல் படிக்கிற மகள் என்னை உட்கார வைத்து வகுப்பெடுத்தாள். முடியின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கிறதாம். அமோனியா அதைத் தூக்கிவிட, சாயத்தின் சின்னச் சின்ன மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. அங்கே பெராக்சைடோடு சேர்ந்து பெரிதாகி மாட்டிக்கொள்கின்றன. குதிருக்குள் புகுந்து நெல்லைத் தின்று கொழுத்த எலி, வந்த ஓட்டை வழியாக வெளியேற முடியாமல் தவிக்குமே, அந்தக் கதைதான். இந்த வித்தையை 1907-இல் பாரிஸில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஒய்ஜேன் ஷுவெல்லர். லோரியல் கம்பெனி அவர் தொடங்கியது. "நீ என்ன பண்ணினே தெரியுமாப்பா? கொழுத்த எலியைக்கூட வெந்நீரை ஊத்தி விரட்டிட்டே."

அதற்கப்புறம் சட்டங்கள் வந்தன. டை அடித்தால் மூன்று நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது. பிறகும் வாரம் இரண்டு தடவைதான், அதுவும் சல்பேட் இல்லாத ஷாம்பூ. வெயிலில் தொப்பி. வெந்நீர் அறவே கூடாது, பச்சைத் தண்ணீர்தான்.

சென்னையில் சித்திரை மாதம் பச்சைத் தண்ணீருக்கு எங்கே போவது? மொட்டைமாடி டேங்க்கிலிருந்து பகல் பதினோரு மணிக்குக் குழாயைத் திறந்தால் வருவது டீ போடுகிற பதத்தில் இருக்கும். போதாததற்கு எங்கள் வீட்டில் போர் தண்ணீர். வாளியின் உள்விளிம்பில் உப்பு வெள்ளையாக வரிவரியாகப் படிந்திருக்கும். அந்த உப்பு தலையிலும் படிந்து நிறத்தை மங்க வைக்கும் என்றாள் மகள். ஒருநாள் விடியற்காலையில் கேன் தண்ணீரைக் கவிழ்த்துத் தலையை அலசிக்கொண்டிருந்தபோது மனைவி வந்துவிட்டாள். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

பலன் இருந்தது. மூன்று வாரம் ஆகியும் அடித்த முடி அடித்த மாதிரியே கருகருவென்று நின்றது. ஆனால் வகிடு எடுத்த இடத்தில் யாரோ சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அது வேரிலிருந்து வெள்ளையாகத்தான் வரும். அதற்கு எந்த ஷாம்பூ என்ன செய்யும்? மீசை இன்னும் மோசம். வாரா வாரம் நுனியைக் கத்தரிப்பதால் கறுப்பு கீழே விழுந்துகொண்டும் வெள்ளை மேலே ஏறிக்கொண்டும் இருந்தது. "கலர் அப்படியேதான் சார் இருக்கு, முடிதான் வளந்துடுச்சு" என்றார் சலூன்காரர், என் மேல் தப்பு போல.

அண்ணன் தலையில் மட்டும் இந்தக் கோடு ஏன் ஒருநாளும் தெரிவதில்லை? போனில் கேட்டால் "எல்லாம் உடம்பு வாகுடா" என்று பேச்சை மாற்றுவார். போன மாதம் ஒரு வேலையாகத் திருச்சி போனவன், சொல்லாமல் கொள்ளாமல் காலை ஐந்தரை மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவர் இடுப்பில் பழைய லுங்கி, தோளில் கறை படிந்த துண்டு, ஒரு கையில் கொட்டாங்கச்சி, இன்னொரு கையில் தேய்ந்த டூத் பிரஷ். இரண்டு காதோரமும் கரிச்சட்டி மாதிரி இருந்தது.

"எத்தனை நாளுக்கு ஒரு தடவை?" என்றேன்.

"பத்து நாள். உங்க அண்ணிக்கே தெரியாது. சத்தம் போடாம உள்ள வா." பிரஷை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "வந்ததும் வந்தே, பின்மண்டையில கொஞ்சம் அடிச்சு விடு. அங்கதான் கை எட்ட மாட்டேங்குது."