பழைய பீஸ் கொண்டு வந்தீங்களா?

"பழைய பீஸ் கொண்டு வந்தீங்களா சார்?"

இந்தக் கேள்வியை இன்னொரு தடவை யாராவது கேட்டால் பதில் சொல்வதாக இல்லை. கடையை விட்டு இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறி, எந்த ஊரிலாவது வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவேன். இன்று காலையும் கேட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வாடகை வீட்டில் இருந்தவரை குழாய் ஒழுகினால் ஹவுஸ் ஓனருக்கு ஒரு போன் போடுவேன். அவர் எடுக்கமாட்டார். அத்தோடு என் கடமை தீர்ந்தது. அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, அவரை வாய் நிறையத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இப்போது ஓனர் நானே. வாளி இருக்கிறது, திட்டுவதற்கு ஆள் இல்லை. எங்கிருந்து தூக்கம் வரும்?

வாங்கியது தாம்பரத்துக்குத் தெற்கே, ஆறு வருஷப் பழைய ஃபிளாட். இரண்டாவது மாடி, அதற்கு மேல் வானம்தான். ஆறு வருஷம் என்பதைக் கவனிக்க வேண்டும். 2016-ம் ஆண்டு வந்த ரேரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும். என் வீடு அந்தச் சட்டத்தை வரி வரியாகப் படித்திருக்கிறது. ஐந்து வருஷமும் ஒரு சொட்டு ஒழுகாமல் மானமாக இருந்தது. பத்திரம் என் பேரில் பதிவாகும்வரை பொறுத்துக்கொண்டது. அப்புறம்தான் ஆரம்பித்தது.

மாசம் பிறந்தால் வங்கிக்காரன் இஎம்ஐயை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். மிச்சம் இருப்பதில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். வீட்டுப் பராமரிப்பில் நிஜமாகவே காசு மிச்சமாவதற்கு ஒரு வழி இருக்கிறது. பலபேர் பல யோசனை சொல்வார்கள், அதெல்லாம் இல்லை, இது வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் இந்தக் குழாய் சமாசாரத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு பத்தி போதும்.

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. பழைய பித்தளைக் குழாயாக இருந்தால் பிரச்சினையே இல்லை. தலையைக் கழற்றினால் உள்ளே ஒரு வாஷர். எங்கள் அப்பா சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிப் போட்டே காலத்தை ஓட்டினார். இப்போது இருப்பது கால் சுற்றில் திறக்கிற நாகரிகக் குழாய். உள்ளே வாஷர் கிடையாது. செராமிக் தகடு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று வழவழவென்று உட்கார்ந்திருக்கும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் இருக்கிற உப்புக்கும் மணலுக்கும் வழவழப்பைக் கண்டால் ஆகாது. கீறல் விழும், சொட்டும். தகட்டை மட்டும் மாற்ற முடியாது, மொத்த ஸ்பிண்டிலையும் மாற்ற வேண்டும். பிளம்பர் வந்து நிற்கவே 300 ரூபாய், சாமான் தனி. ஸ்பிண்டிலோ 150 ரூபாய்தானாம். கழற்றி மாட்டுகிற வேலைக்கு எதற்கு ஆள்?

ஹார்டுவேர்ஸ் கடைக்குக் காலை ஒன்பது மணிக்குப் போகவே கூடாது. பிளம்பர், கொத்தனார், எலக்ட்ரீஷியன் என்று ஊரில் வேலை தெரிந்தவர்கள் மொத்தப் பேரும் அப்போது அங்கேதான் இருப்பார்கள். "முக்கால் எல்போ நாலு, டீ ரெண்டு, எம்டிஏ ஒண்ணு, டேப் ரெண்டு" என்று ஒருத்தர் மூச்சுவிடாமல் சொல்கிறார். அண்ணாச்சி தலை நிமிராமல் எடுத்துப் போடுகிறார். காசுகூடக் கைமாறவில்லை, நோட்டில் ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். ரேஷன் கார்டில் பேர் இல்லாத பிள்ளை மாதிரி நான் ஓரமாக நின்றேன். கூட்டம் கலைந்ததும் என் முறை.

"அண்ணாச்சி, ஒரு ஸ்பிண்டில் வேணும்."

"எந்தக் கம்பெனி?"

"தெரியலையே. பேர் அழிஞ்சுபோச்சு."

"குவார்ட்டர் டர்னா, ஆஃப் டர்னா?"

"குவார்ட்டர்." இதை மட்டும் தெளிவாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெயிண்டர் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்.

"மேலே பல்லு எத்தனை?"

"பல்லா?"

"கைப்பிடி உட்கார்ற இடத்துல பல்லு பல்லா இருக்கும்லா? இருபதும் இருக்கு, இருபத்துநாலும் இருக்கு. மாத்திப் போட்டா கைப்பிடி சும்மா சுத்தும். பழைய பீஸ் கொண்டு வந்தீங்களா சார்?"

இதற்குள் இருக்கிற தர்க்கத்தை எந்த மேதையாலும் அவிழ்க்க முடியாது. குழாய் சொட்டுவது ஸ்பிண்டில் கெட்டதால். புது ஸ்பிண்டில் வாங்கப் பழைய ஸ்பிண்டில் வேண்டும். பழையதைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாக டேங்க் தண்ணீர் முழுக்க என் முகத்தில் வரும். ஆகவே முதலில் மாடியில் இருக்கிற கேட் வால்வை மூட வேண்டும். ஆறு வீட்டுக்கு ஆறு வால்வ். எது யார் வீட்டு வால்வ் என்று பெயிண்டில் ஒரு நம்பர் போட்டுவைக்கிற செலவை பில்டர் மிச்சம் பிடித்திருக்கிறார். குத்துமதிப்பாக ஒன்றை மூடினேன். தண்ணீர் நின்றது, எதிர் வீட்டில். "திடீர்னு நின்னுடுத்தே, மோட்டார் போடலையா யாரும்?" என்று மாமி படிக்கட்டில் நின்று கேட்பது மாடிவரை கேட்டது. சத்தம் போடாமல் திறந்துவிட்டேன்.

ஒருவழியாக என் வால்வைக் கண்டுபிடித்துத் திருகினால், சுற்றுகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றுகிறது. மேலே சக்கரம் சுற்ற, உள்ளே இருக்கிற கேட் உப்புப் பூத்து அதே இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. ஆறு வருஷமாக யாரும் தொடாத வால்வ். முதலில் தொட்டவன் நான். ஆக, ஸ்பிண்டில் மாற்றுவதற்கு முன்னால் கேட் வால்வை மாற்ற வேண்டும்.

மறுபடி அண்ணாச்சி. "ஒரு கேட் வால்வ்."

"முக்காலா, ஒண்ணா?"

"முக்கால்னு நினைக்கிறேன்."

"நினைச்சா ஆகாது சார். பைப் வெள்ளையா, க்ரீம் கலரா?"

வெள்ளை என்றால் யுபிவிசி, பச்சைத் தண்ணீருக்கு. க்ரீம் என்றால் சிபிவிசி, சுடுதண்ணீருக்கும் தாங்கும். ஒன்றுக்கு ஒட்டுகிற கம் மற்றதற்கு ஆகாது. எங்கள் மாடியில் வெயிலில் கிடந்து எல்லாப் பைப்பும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டது. அண்ணாச்சியின் உதடு அசைவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது என்ன வரப்போகிறதென்று. வந்தது. பழைய பீஸ்.

கேட் வால்வைக் கழற்ற டேங்க் காலியாக வேண்டும். பொது டேங்க். காலி செய்யலாமா என்று ஆறு வீட்டையும் கேட்டு, மூன்று பேர் சரி என்று, ஒருவர் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று, ஒருவர் பதிலே சொல்லாமல் இருந்து, அந்தப் பஞ்சாயத்தைத் தனியாக எழுத வேண்டும். நல்லவேளை இது சித்திரை மாசம். லாரி தண்ணீர் வர ஒரு நாள் தாமதமானால் டேங்க் தானாகக் காலியாகிவிடும். காலி செய்கிற கூலி மிச்சம்.

பைப் ரெஞ்ச் இல்லாமல் கழற்ற முடியாது என்பதால் ஒரு பைப் ரெஞ்ச், 480 ரூபாய். அறுக்க ஆக்ஸா ஃபிரேம், பிளேடு தனி. டெஃப்லான் டேப் ஒரு டஜனாக வாங்கினால் விலை குறைவு என்று ஒரு டஜன். இந்த ஜென்மத்தில் எனக்கு இனி டேப் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. டேப்பை நூல் போகிற திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போது பிரிந்து வந்துவிடும் என்பது மட்டும் இதில் எனக்குக் கிடைத்த வித்தை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும்.

300 ரூபாய் பிளம்பர் கூலியில் மிச்சம் பிடித்தது இன்றைய தேதியில் 1,700 ரூபாயில் நிற்கிறது. குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அண்ணாச்சிக்குப் பயந்து இப்போது வீட்டில் எந்தப் பழைய பீஸையும் தூக்கிப்போடுவதில்லை. பரணில் ஒரு இருபது லிட்டர் பெயிண்ட் வாளி. அதற்குள் கைப்பிடி இல்லாத குழாய், குழாய் இல்லாத கைப்பிடி, ஃப்ளஷ் டேங்க்கின் மிதவை, சுருண்டுபோன கனெக்ஷன் ஹோஸ், பாதி பிசைந்து கல்லாகிப்போன எம்-சீல் உருண்டை, எந்தக் கதவுக்கும் ஆகாத கீல் என்று சகலமும் இருக்கிறது. "எதுக்காவது ஆகும்" என்று நாம் எல்லோரும் வைத்திருக்கிற வாளிதான், உங்கள் வீட்டிலும் இருக்கும். இதுவரை எதற்கும் ஆனதில்லை. நேற்று அதைக் கீழே இறக்கும்போது பரண் கதவின் கீல் ஒடிந்தது. வாளிக்குள் இருக்கிற கீல் அதைவிட அரை இஞ்ச் நீளம்.

வழி ஒன்று சொல்கிறேன் என்றேன் அல்லவா, மறக்கவில்லை. நடுவில் சகலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. சகலை திருநகரில் சொந்த வீடு கட்டி என்னைவிட சீனியர். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "பிளம்பருக்கா காசு கொடுத்தீங்க சகலை?" என்பார், சாம்பார் பரிமாறுகிறவருக்கும் கேட்கும்படியாக. போன மாதம் ஃபேன் விஷயத்தில் பிடித்துக்கொண்டார். சாதாரண ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள்; பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு ஒரு ஃபேனுக்கு இருநூறு யூனிட் மிச்சம் என்று ரசம் வருவதற்குள் கணக்கை முடித்துவிட்டார். கணக்கு சரிதான், வீட்டுக்கு வந்து நானும் போட்டுப் பார்த்தேன். அதுதான் வயிற்றெரிச்சல். அதோடு விட்டாரா? "வெள்ளையடிக்கிறதுகூட நானே. ஆளுக்குக் கொடுத்தா பதினெட்டாயிரம்." அவர் வீட்டு ஹாலை நான் பார்த்திருக்கிறேன். கை எட்டுகிற உயரம்வரை ஒரு நிறம், அதற்கு மேலே பழைய நிறம். டிசைன் என்கிறார்.

பிளம்பர்களையும் நான் விட்டுவிடுவதாக இல்லை. வந்தவுடன் பைப்பைப் பார்த்து "யார் சார் இந்த லைன் போட்டது?" என்று துக்கம் விசாரிப்பார்களே, அதற்கே ஐம்பது ரூபாய் குறைக்கலாம்.

மொட்டை மாடி தனிக் கதை. மாடி ஆறு வீட்டுக்கும் பொது. வடாம் காயவைக்கப் பொது, துணி உலர்த்தப் பொது, புத்தாண்டுக்குப் பட்டாசு கொளுத்தப் பொது. ஒழுகல் மட்டும் மேல் வீட்டுக்காரனின் தனிச் சொத்து. அந்தக் காலத்து மெட்ராஸ் மாடி என்றால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். மேலே தட்டோடு. எங்கள் மாடிக்கு அந்த யோகம் இல்லை. வாட்டமும் சரியில்லை, மழைத் தண்ணீர் வடிகுழாயை நோக்கிப் போகாமல், என் படுக்கையறைக்கு நேர் மேலே, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் வந்து யோசித்துக்கொண்டு நிற்கும். ஐப்பசிக்கு முன்னால் அந்த வடிகுழாய் வாயில் கிடக்கிற வேப்பிலைச் சருகை ஒரு கை அள்ளிப் போட்டாலே பாதி ஒழுகல் நின்றுவிடும், காலணா செலவில்லை. அதை யார் செய்வது என்று சங்கத்தில் இன்னும் முடிவாகவில்லை.

சங்கக் கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை. வாட்டர்ப்ரூஃபிங் செய்து வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடித்துக் கொடுக்க கான்ட்ராக்டர் 72,000 ரூபாய் கேட்டிருந்தார். வீட்டுக்குப் பன்னிரண்டாயிரம். கீழ் வீட்டுக்காரர் எழுந்து, மழை தன் வீட்டுக்கு வரவே இல்லை என்பதைப் பதிவுசெய்யச் சொன்னார். பதிவுசெய்யப்பட்டது. "வெயில் வருதில்ல சார்?" என்றேன். "வெயில் உங்க வீட்டோட நின்னுடுதே" என்றார். உண்மைதான்.

பிறகு யாரோ ஒருவர், முகத்தை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன், "எதுக்கு கான்ட்ராக்ட்? பெயிண்டை நாம வாங்கிடுவோம். ஒரு சண்டே எல்லாரும் சேர்ந்தா மதியத்துக்குள்ள முடிஞ்சிடும். வீட்டுக்கு மூவாயிரம்தான் வரும்" என்றார். ஒன்பதாயிரம் மிச்சம்! கை தூக்கச் சொன்னார்கள். இத்தனையும் பட்ட நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் முந்தி அதுதான் மேலே போயிற்று.

அன்றைக்கு ஆறு வீட்டுக்காரர்களுக்கும் டீ, வடை செலவைச் சங்கக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று செயலாளர் சொன்னார். கீழ் வீட்டுக்காரர் அதற்கும் ஆட்சேபம் தெரிவித்தார்.

"கடையில எதுக்கு சார் வாங்கணும்? மாவு மட்டும் அரைச்சுக் கொடுத்துட்டா, வடையை நாமே தட்டிக்கலாமே."