கல்லு மாமா

எந்த மலைவாசஸ்தலத்துக்குப் போனாலும் ‘வியூ பாயின்ட்’ என்று ஓர் இடம் இருக்கும். கைப்பிடிக் கம்பி, மிளகாய் பஜ்ஜி, செல்ஃபி எடுக்க முட்டி மோதும் கூட்டம். எல்லாரும் பள்ளத்தாக்கைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்க, ஒருவர் மட்டும் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் மூக்கு உரசுகிற தூரத்தில் நின்றிருப்பார். அவர்தான் கல்லு மாமா. குடும்பத்துக்கு ஒருவர் தேறுவார். இன்னொருவரை எந்தக் குடும்பமும் தாங்காது.

நிலவியலுக்கும் அவர் பார்த்த வேலைக்கும் ஸ்நானப்பிராப்திகூட இருக்காது. வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். கழுத்தில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் மடக்கு லென்ஸ், பையில் சுத்தியல், பழைய கண்மருந்துக் குப்பியில் தண்ணீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். இதில் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் பொசுபொசுவென்று நுரைக்கும். சலவைக்கல்லும் நுரைக்கும். ஆகையால் சலவைக்கல் மேசை போட்ட ஓட்டல்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஓட்டல்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது. வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் காணோமென்றால், சேலத்துப் பக்கம் கஞ்சமலைக்குக் கிளம்பிவிட்டார் என்று பொருள். அங்கே இரும்புத் தாது கிடக்கிறது.

சேலம் என்றாலே அவருக்குக் குஷி. மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே அங்கே உண்டு. ஜங்ஷனுக்குத் தாதுவின் பெயரை வைத்தவனைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்பார். அந்தப் பக்கத்து வெள்ளை மேடுகளை வெள்ளைக்காரன் ‘சாக் ஹில்ஸ்’ என்று சொல்லிவிட்டுப் போனதில் மாமாவுக்கு இன்றைக்கும் கோபம். “அது சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, மேக்னசைட்! ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. சுண்ணாம்புன்னா பொங்கும், இது சும்மா முழிச்சுக்கிட்டு இருக்கும்!”

அங்கிருந்து ஏற்காட்டுக்கு வாடகைக் கார். 20 கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவிலேயே மாமா, “தம்பி, கொஞ்சம் ஓரங்கட்டுங்க” என்றார். டிரைவர் அனுபவஸ்தர். கண்ணாடியில் பார்த்தபடியே பிளாஸ்டிக் கவரை நீட்டினார்.

“வாந்தியா சார்?”

“இல்லப்பா, சார்னோக்கைட்!”

“எல்லாம் ஒண்ணுதான் சார். எலுமிச்சம்பழம் தரேன், மோந்து பாருங்க.”

எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே மாமா பாறையை மோந்து பார்க்கப் போய்விட்டார். புதிதாக உடைந்த இடத்தில் அது எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும், உள்ளே இருக்கும் குவார்ட்ஸில் நீலம் ஓடும். பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்து, சுமார் 250 கோடி வருஷங்களுக்குப் பிறகு, ஏற்காடு ரோட்டோரம் சிறுநீர் கழிக்க வருகிறவர்களைச் சகித்துக்கொண்டு நிற்கிறது. இதையெல்லாம் டிரைவருக்கு விளக்கிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டார்.

“இப்படி வந்து நில்லு. இல்லை, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்.”

புதிதாகக் கல்யாணமான பெண் பூரித்திருப்பாள். மாமிக்கு விஷயம் தெரியும். பாறையைப் படமெடுத்தால் அதன் அளவு தெரிய பக்கத்தில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். சின்னக் கல்லுக்கு ஒரு ரூபாய் நாணயம், நடுத்தரத்துக்குச் சுத்தியல், பெரிய பாறைக்கு மாமி. கொடைக்கானல் தூண் பாறைக்கு மாமி போதவில்லை என்று வருத்தம் வேறு. வீட்டு ஆல்பத்தில் மாமி நிற்கும் படங்கள் ஏராளம். பலவற்றில் தலை இருக்காது. பாறையின் பட்டை அந்த உயரத்தோடு முடிந்திருக்கும்.

சார்னோக்கைட்டில் மாமாவுக்கு இவ்வளவு பற்று வரக் காரணம் ஊர்ப்பாசம். வீடு பல்லாவரத்தில். கல்கத்தாவுக்கு அடித்தளமிட்டவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் பல்லாவரத்துப் பக்கத்துக் கல்தான் போனது. பிற்பாடு அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893இல் அதற்கு அந்த மனிதரின் பெயரையே வைத்துவிட்டார். மாமாவுக்கு இது மன்னிக்கமுடியாத அநியாயம். “கல்லு நம்ம ஊரு, பேரு மட்டும் அவனுக்கா? பல்லாவரைட்னு வெச்சிருந்தா வாய் சுளுக்கிக்குமா?” உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கல்கத்தா போனபோது, முகூர்த்தத்துக்குப் போகாமல் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்குப் போய் அந்தக் கல்லறைக் கல்லைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார். “சௌக்கியமா இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

அவருடைய கால அளவு தனி. ‘ரொம்ப நாளாச்சு’ என்றால் நூறு கோடி. ‘சமீபத்தில்’ என்றால் இரண்டு கோடி. ‘இதோ அஞ்சு நிமிஷம்’ என்றால், பஸ் போய்விட்டது.

இந்த ‘சமீப’த்துக்குத் திருவக்கரை நல்ல உதாரணம். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் பௌர்ணமி என்றால் வக்ரகாளியம்மனைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். குடும்பம் மொத்தமும் கோயில் வரிசையில் நிற்க, மாமா கல்மரப் பூங்காவுக்கு நழுவிவிடுவார். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து புதைத்த மரங்கள். மரம் இருந்த இடமெல்லாம் சிலிக்கா புகுந்து அப்படியே கல்லாகிவிட்டது. கிளையும் இல்லை, வேரும் இல்லை. ஆகவே இங்கே முளைத்தவை அல்ல, வந்து சேர்ந்தவை என்று துப்பறிவார். அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக்கூடாது என்பதில் காவலாளியைவிடக் கறார். ஒருமுறை அடிமரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பையனை, “எழுந்திரு தம்பி, அதுக்கு ரெண்டு கோடி வயசு” என்று அதட்டினார். பையன் அசையவில்லை. “எங்க தாத்தா மடியிலேயே உக்காருவேன்” என்றான்.

விருந்துக்கு அழைத்தாலும் ஆபத்துதான். நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பாலைக் காய்ச்சி முடிப்பதற்குள் மாமா அடுப்படி மேடையில் லென்ஸை வைத்துவிட்டார். கருப்பில் தங்கப் பொட்டு மின்னும் ‘பிளாக் கேலக்ஸி’. “ஆந்திராவிலே சீமகுர்த்திக் கல். ஆனா கிரானைட் இல்லை, காப்ரோ இனம்.” சாப்பாட்டு மேடையில் ‘காஷ்மீர் ஒயிட்’. “காஷ்மீருக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மதுரைப் பக்கம் வெட்டினது.” காஷ்மீர் விலை கொடுத்திருந்த நண்பர், பாலைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

அடுத்து பூஜை அறை. அங்கே சாளக்கிராமம்! கண்டகி நதிக்கரைக் கருப்புக் கல்லுக்குள் சுருள் சுருளாக அம்மோனைட். கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரினம், இமயமலையில் கிடைக்கிறது. நடுவில் இருந்த கடல் மூடி மலையாக எழும்பியதற்குச் சாட்சி. மாமா கண்ணில் நீர் திரள, மண்டியிட்டு, அரைமணி நேரம் லென்ஸோடு குனிந்திருந்தார். வீட்டுத் தாத்தாவுக்கோ, இந்தக் காலத்திலும் இப்படியொரு பக்தியா என்று உருக்கம். மாமாவால் அடக்க முடியவில்லை.

“பெரியவரே, இவர் முன்னாடி கடல்ல இருந்தவர் தெரியுமா?”

“தெரியாம என்ன? பாற்கடல்தானே!” என்றார் தாத்தா.

மாமாவை வாயடைக்கச் செய்த ஒரே நிலவியல் கோட்பாடு அது.

ஊரிலிருந்து திரும்பும்போது சுமைதூக்குபவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “உள்ளே என்ன, கல்லா?” என்று கேட்பார். ஆமாம் என்று பெருமையாகச் சொல்வார் மாமா. பால்கனியில் இடமில்லாமல் அவை கூடத்துக்கும், கூடத்திலிருந்து சமையலறைக்கும் குடிபெயர்ந்தன. ஒன்று மாவு டப்பாவை அமுக்கிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று ஊறுகாய் ஜாடி மேல். சென்ற வாரம் மாமி, அரிவாள்மணை கைக்கு அகப்படாத எரிச்சலில், ஏற்காட்டுச் சார்னோக்கைட்டை எடுத்துத் தேங்காயின் மேல் போட்டார். கல் தெறித்துத் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. சத்தம் கேட்டு மாமா ஓடிவந்தார். மாமி சண்டைக்குத் தயாராகப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாமா தரையில் குப்புறப் படுத்து லென்ஸை எடுத்தார். “அடடா, எவ்வளவு சுத்தமான உடைப்பு! சுத்தியலால நான் அடிச்சா இப்படி வராது. ஏம்மா, அந்த இன்னொரு கல்லையும் ஒருதரம் போடேன்.”

“தேங்காய் இன்னும் உடையலைங்க” என்றார் மாமி.