"ஒரு நிமிஷம், நிறுத்துறேன்!"

விண்வெளிப் படம் ஓடும்போது அத்தான் கைக்கு ரிமோட் போனால் அன்றைய மாலை அவ்வளவுதான். விண்கலம் வெடித்தால் நிறுத்துவார்: "காத்தே இல்லாத இடத்துல சத்தம் எப்படி மாப்ளே வரும்?" 'அர்மகெடான்' படத்தில் டெக்சாஸ் அளவு விண்கல் என்று சொல்லி வாய் மூடவில்லை, நிறுத்திவிட்டார். "ஆயிரம் கிலோமீட்டர்கூட இல்லாத சீரிஸ்ங்கற குறுங்கோளை 1801-லயே கண்டுபிடிச்சாச்சு. அதைவிடப் பெரிசு ஒண்ணு, 18 நாள் முன்னாடி வரைக்கும் எவன் கண்ணுலயும் படலையாமா?"

இதெல்லாம் சில்லறை. அவருடைய அசல் இரை 'கிராவிட்டி'. 2013-இல் வந்து ஏழு ஆஸ்கர் வாங்கிய படம், அத்தானிடம் இன்னும் பாஸாகவில்லை. சாண்ட்ரா புல்லக்கைக் காப்பாற்ற ஜார்ஜ் க்ளூனி பட்டையின் கொக்கியைக் கழற்றப் போகிறார். அம்மா முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறாள். நிறுத்து! க்ளூனி கொக்கியில் வைத்த கையோடு அந்தரத்தில் நிற்கிறார். அத்தான் தோள்துண்டின் ஒரு முனையை என்னிடம் கொடுக்கிறார். நான் க்ளூனி, அவர் புல்லக். "ரெண்டு பேரும் நின்னாச்சு. இனிமே உன்னை அந்தப் பக்கம் இழுக்கறது எது? ஒண்ணுமில்ல. லேசா சுண்டினா நீயே எங்கிட்ட வந்துடுவே." சுண்டினார். வந்தது என் கையிலிருந்த காப்பி.

அதோடு விடுவாரா? ஹப்பிள் தொலைநோக்கி சுற்றும் சாய்வு 28.5 டிகிரி, விண்வெளி நிலையத்துக்கு 51.6. உயரமும் வேறு. முதுகில் மாட்டிய கருவியை வைத்துக்கொண்டு இதிலிருந்து அதற்குத் தாவவே முடியாதாம்.

அத்தனையும் சரி, அதுதான் எரிச்சல். 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள் என்று என் மகளுக்குப் புரியவைத்ததும் இவர்தான். அவளுக்கு அத்தான் என்றால் உயிர்.

இருக்கட்டும். 91 நிமிடப் படம் ஐயா அது! ஆறு மணிக்குப் போட்டால் சாப்பாட்டு நேரத்திலும் அந்தப் பெண் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறாள். அழ வேண்டிய இடத்தில் எங்களை அழவிட்டு, தப்பையெல்லாம் கடைசியில் சொன்னால் நியூட்டன் கோபித்துக்கொள்வாரா?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பொறுமையிழந்து கேட்டேவிட்டாள்: "மாப்பிள்ளை, கடைசில அந்தப் பொண்ணு பொழச்சாளா இல்லையா?"

"நியாயமாப் பார்த்தா பொழச்சிருக்கவே கூடாது அத்தை."