வெத்தலபாக்கு வெக்காத பத்திரிக்கை

சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு அடிச்சயா? என்ற போன்லதானே அடிச்சே? பேங்க்குக்கும் சொல்லியாச்சா? சரி, அப்ப இப்படி உக்காரு கண்ணு. இனி நிதானமா வையலாம்.

பெங்களூர்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து மாசாமாசம் சம்பளம் வாங்கற பையன் நீ. ஊட்டுக்கு வந்தா, "அப்புச்சி, உங்க போன்ல பூட்டே இல்லீங்களே"ன்னு எனக்குப் பாடம் எடுப்பே. இன்னைக்கு 28,000 ரூபாயை ஒரு கல்யாணத்துக்கு மொய் வெச்சுட்டு வந்து நிக்கற. பொண்ணு யாரு? தெரியாது. மாப்பிள்ளை? தெரியாது. மண்டபம் எங்க? அதும் தெரியாது. பந்தியிலயாச்சும் உக்காந்தயா சாமி?

எங்க, அந்தப் பத்திரிக்கையைக் காட்டு. பேருக்குப் பின்னால வாலாட்டம் ஒன்னு தொங்குதே, என்ன அது? ஏபிகே. அப்படி வந்தா அது படமில்லை, செயலின்னு போன தீவாளிக்கு எனக்குச் சொன்னவனே நீதான். நம்ம பக்கத்துல தட்டத்துல வெத்தலபாக்கு வெச்சு, பெரியவங்களைப் பாத்துக் கூப்பிடலைன்னா பங்காளியே வாசப்படி தாண்ட மாட்டான். நீ தாண்டியிருக்கற.

தொட்டதும் போன் கேட்டுதா இல்லையா, "தெரியாத எடத்துல இருந்து வருது, உள்ள உடட்டுமா"ன்னு? உடுன்னே. உள்ள வந்தவன், "உங்க மெசேஜ் எல்லாம் படிச்சுக்கட்டுமா"ன்னான். படின்னே. பத்திரிக்கை வெக்க வந்தவன் பீரோ சாவி கேட்டா குடுப்பயா? ஓடிபி யாருக்குமே சொல்லலைன்னு அழுவறே. நீ எதுக்குச் சொல்லோணும்? அது வர வர அவனே எடுத்துப் படிச்சுக்கிட்டான்.

என்ன சொன்னே? கூட்டாளி நம்பர்ல இருந்து வந்துதா? அட, அப்படித்தான் வரும். அவனும் யாரோ வெச்ச பத்திரிக்கையைத் தொட்டிருப்பான். இது ஒன்னும் புதுசில்லை. 2000-ல பிலிப்பைன்ஸ்ல இருந்து 'ஐ லவ் யூ'ன்னு ஒரு வைரஸ் கெளம்புச்சு. டீக்கடை பேப்பர்ல படிச்சுச் சிரிச்சிருக்கறோம். காதல் கடுதாசியாட்ட மெயில்ல வரும். தெறந்தா, தெறந்தவனோட முகவரிப் பட்டியல்ல இருக்கற அத்தனை பேருக்கும் அவன் பேர்லயே போயிரும். ஒலகம் முச்சூடும் பெரிய பெரிய ஆபீஸ்ல எல்லாம் தெறந்து பாத்தாங்க. அப்ப காதல் கடுதாசி, இப்பக் கல்யாணப் பத்திரிக்கை. இருபத்தஞ்சு வருசம் சுத்தி ஒருவழியா நிச்சயம் ஆயிருச்சாட்டக்குது.

சிரிக்காத. நானும் ஏமாந்தவன்தான். கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தையில முப்பது வருசம் தரகு பாத்தவன், பல்லைப் புடிச்சு வயசு சொல்றவன், சுழி பாத்துக் கொணம் சொல்றவன். ஒரு நாள் மச்சான் ஒரு பசுவைக் காட்டி, "நம்ம ஊட்டு மாடு மாப்ள"ன்னாரு. மடி கொடமாட்ட இருந்துது. ரெண்டு நேரம் கறக்காம உட்டா எந்த மடியும் அப்படித்தான் இருக்கும்னு ஊருக்கே சொல்றவன் நான். மச்சானாச்சேன்னு தொட்டுக்கூடப் பாக்கலை. ஓட்டியாந்த மறுநாள், காப்பிக்குக்கூடப் பத்தாத பாலு. அந்த மச்சான் யாருங்கறே? உங்கம்மாயியோட பொறந்த அண்ணன். இன்னைக்கு வரைக்கும் இந்த ஊட்ல அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. நீயும் எடுத்துராத.

உங்க கம்ப்யூட்டர் ஆளுங்க இப்படி வேசம் போட்டு வர்ற செயலியைக் குதிரைங்கறாங்களாமா? ட்ரோஜன் குதிரை. நம்ம பக்கத்துல அது ஆனை கண்ணு. விசயமங்கலத்தோட சேத்துச் சொல்லுவாங்களே, கொங்குவேளிர், அவரு பாடுன பெருங்கதையில உதயணன்னு ஒரு ராசா. யாழை மீட்டுனா மதம் புடிச்ச ஆனையும் அடங்கி நிக்கும். உஞ்சை நகரத்து ராசா என்ன பண்ணுனான்? ஒரு பொய்யானையைச் செஞ்சு, வயித்துக்குள்ள ஆளுங்களை ஏத்தி, காட்டுல நிறுத்துனான். உதயணன் யாழைத் தூக்கிக்கிட்டுப் போனான். அத்தோட சிறை. ஆனைன்னா பயப்படறவனா இருந்திருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான். ஆனையை அடக்கத் தெரிஞ்சவனை ஆனையை வெச்சே புடிச்சான். என்னைப் பசுவை வெச்சுப் புடிச்சாங்க. உன்னைப் போனை வெச்சு.

உங்கம்மாயியை ஒருத்தனும் புடிக்க முடியலை, தெரியுமா? போன மாசம் பம்பாய் போலீஸ்னு ஒருத்தன் வீடியோவுல வந்தான். தொப்பி, பின்னால கொடி, எல்லாம் பக்கா. உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள் வந்திருக்குது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கறோம், கேமராவை உட்டு நகரக் கூடாதுன்னு தமிழும் இந்தியுமாக் கலந்து மெரட்டுனான். இவ, "எனக்குச் சாணி அள்ளற வேலை கெடக்குது, நீ வேணும்னா பாத்துக்கிட்டு இரு"ன்னு போனைத் தொண்டுப்பட்டிப் படல்ல சாத்தி வெச்சுட்டுப் போயிட்டா. கால்மணி நேரம் எருமையைக் காவல் காத்துட்டு அவனே வெச்சுட்டான். போன்ல கைது பண்றதுன்னு நம்ம சட்டத்துலயே கெடையாது. 2024 அக்டோபர்ல பிரதமரே ரேடியோவுல அதைச் சொன்னாரு. அம்மாயி அதெல்லாம் கேக்கலை. அவளுக்குச் சாணி முக்கியம்.

சந்தையில வெலை எப்படிப் பேசுவோம்னு சின்னதுல பாத்திருக்கறயே. துண்டைப் போட்டு மூடி, உள்ள வெரலைப் புடிச்சு. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒரு ரூபா தெரியாது. துண்டை எடுத்துட்டுப் பேசலாம்ங்கறவன்கிட்ட நான் கை குடுத்ததே இல்லை. உன்ற பின் நம்பரும் அந்தத் துண்டுக்குள்ள இருக்கற வெரல்தான். பணம் அனுப்பறதுக்குத்தான் அது வேணும், வாங்கறதுக்கு வேண்டியதில்லை. "உங்களுக்குப் பணம் போடறோம், பின்னைப் போடுங்க"ன்னு எவனாவது சொன்னா, அவன் துண்டை உருவறான்னு அர்த்தம். பேங்க்ல இருந்து லிங்க் வந்தாலும் தலையைப் பாக்காத, வாலைப் பாரு. இப்ப நம்ம பேங்க்குகளோட முகவரி 'பேங்க் டாட் இன்'னுதான் முடியோணும்னு ரிசர்வ் பேங்க் வெச்சிருக்குது.

வந்ததும் 1930-ன்னு ஏன் கேட்டேன்? திருடுன பணம் ஒரு கணக்குல நிக்காது. அங்கிருந்து இன்னொன்னு, இன்னொன்னுன்னு ஓடும். ஓடி முடியறதுக்குள்ள சொன்னாத்தான் எங்காச்சும் நிறுத்தி வெக்க முடியும். இன்னொன்னும் இருக்குது. 2017-ல ரிசர்வ் பேங்க் போட்ட விதிப்படி, உன்ற கவனக்கொறைவுல போனது, பேங்க்குக்கு நீ சொல்ற வரைக்கும் உன்ற தலையில. சொன்னதுக்கப்பறம் போனா பேங்க் தலையில. நீ வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கற ஒவ்வொரு நிமிசத்துக்கும் காசு.

உன்ற போனை இனித் தெறக்காத. நெட்டு அறுபட்டே கெடக்கட்டும். நாளைக்குத் தெரிஞ்சவன்கிட்டக் குடுத்து முழுசா அழிச்சு வாங்கு. பாஸ்வேர்டெல்லாம் வேற போன்ல இருந்து மாத்து.

அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்குது. காலையில உன்ற நம்பர்ல இருந்து எனக்கொரு கல்யாணப் பத்திரிக்கை வந்துது. அம்மாயிக்கும் வந்துது. ஒறம்பரை அத்தனை பேருக்கும் போயிருக்கும். இந்தா, என்ற போன். ஒவ்வொருத்தரையாக் கூப்பிட்டுத் தொடாதீங்கன்னு சொல்லு. மொதல்ல உங்க பெரியம்மாவைக் கூப்பிடு. அவ இந்நேரம் பட்டுச்சேலையை எடுத்து வெளிய வெச்சிருப்பா.